பிட்டில் குழைத்த தூள்

பிட்டு அவித்த நீத்துப்பெட்டியைத் தட்டில் கவிழ்த்ததும் ஆவி குப்பென்று முகத்தில் அடித்தது. இராசமலர் முகத்தை விலக்கிக்கொண்டு குசினி வாசலை ஒருதரம் பார்த்தாள். பரமலிங்கம் கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்தார். உரும்பிராய்ச் செம்மண் குதிக்காலில் ஒட்டினால் லேசில் போகாது. கல்லில் தேய்த்துத் தேய்த்துத்தான் கழுவுவார். வாளியைக் கவிழ்த்து வைக்கிற சத்தம் கேட்கும்வரைக்கும் அவளுக்கு நேரம் இருந்தது.

அரிசிமா டின்னுக்குள் கையை விட்டு, அடியில் தாட்டு வைத்திருந்த போத்தலை எடுத்தாள். இரண்டு கப்சூல்களின் கூட்டைப் பிரித்து, உள்ளேயிருந்த தூளை அவருடைய பங்குப் பிட்டின்மேல் கொட்டினாள். கருஞ்சிவப்புத் தூள். சிவத்தப் பச்சையரிசி மாப் பிட்டில் அது விழுந்த இடமே தெரியவில்லை. மேலே தேங்காய்ப்பூவும் கொஞ்சம் சீனியும் போட்டு விரல்களால் பிசறினாள். வெறுங்கூடுகளை அடுப்புக்குள் எறிந்தாள். அவை சுருண்டு, இல்லாமற் போயின.

வாளிச் சத்தம் கேட்டது.

"என்ன, இண்டைக்கும் பிட்டோ?"

"ஏன், அலுத்துப் போச்சோ?"

"ஆர் அலுத்ததெண்டது? சின்னனிலையிருந்து இதைத் திண்டுதானே வளந்தனான்."

"வளந்தது வண்டிதான்," என்றாள், அவருடைய வயிற்றைப் பார்த்து.

அவர் சிரித்தபடி பலகையில் உட்கார்ந்தார். முதல் வாயை வைத்ததும் அவருடைய தாடை ஒரு கணம் நின்றதுபோல அவளுக்குத் தோன்றியது. பிறகு வழக்கம்போல அசைந்தது. அவள் மூச்சை விட்டாள். அந்தத் தூளை அவள் நுனி நாக்கில் வைத்துப் பார்த்திருக்கிறாள். மெல்லிய கசப்பு. இந்த மனிசனுக்கு நாக்கு என்று ஒன்று இருக்கிறதா இல்லையா என்று நினைத்துக்கொண்டாள். அந்த நினைப்பில் நிம்மதி இருந்தது, இரக்கமும் இருந்தது. இன்னும் கொஞ்சம் உள்ளே போய்ப் பார்த்தால், கெட்டிக்காரத்தனம் பலித்துவிட்ட ஒரு பெருமையும் இருந்தது. அவ்வளவு உள்ளே போய்ப் பார்க்க அவளுக்கு விருப்பமில்லை.

இதெல்லாம் மாசி மாதம் தொடங்கியது. பரமலிங்கத்தின் தமையன் தேவராசா மிளகாய்க் கன்றுகளுக்குத் தண்ணீர் மாறிக்கொண்டு நின்ற இடத்திலேயே குப்புற விழுந்தார். ஆட்கள் போய்ப் பார்க்கும்போது வாய்க்கால் நிரம்பி அவர் முதுகின் மேலாலும் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது. அவர்களுடைய தகப்பனும் ஏறக்குறைய அந்த வயதில் அப்படித்தான் போனவர். அடுத்தது யார் என்று இராசமலரிடம் யாரும் சொல்லத் தேவையிருக்கவில்லை. தேவராசாவின் உடலைத் துடைத்து வளவுக்குள் கொண்டுவந்தபோது அவள் பார்த்தது அவரை அல்ல. அவருடைய தலைமாட்டில் அதே மூக்கும் அதே காதுமாக நின்ற தன் புருசனை.

அழுது, கோபித்து, சாப்பிடாமல் இருந்து, அவருக்கு இரத்தம் சோதிப்பித்தாள். கொழுப்பு எக்கச்சக்கம். கிளினிக்கில் மாலையில் போடச் சொல்லிக் குளிசை கொடுத்தார்கள். தேவராசாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்த சொந்தக்காரர் எல்லோருக்கும் முன்னால் பரமலிங்கம் அந்தக் குளிசைப் பையைத் தூக்கிக் காட்டினார்.

"ஒருக்காத் தொடங்கினால் சுடலைக்குப் போகுமட்டும் போடவேணுமாம். எனக்கென்ன வருத்தமே? நான் போடன்."

"உங்கடை அண்ணையும் இப்பிடித்தான் சொன்னவர்," என்றாள் அவள்.

அவர் துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார். அதற்குப் பிறகு அந்தப் பையை அவள் காணவில்லை. கிளினிக் தேதிக்கு மட்டும் போவார். வரிசையில் இருந்து குளிசை வாங்கி வருவார். எங்கே அது என்று கேட்டால் ஒரே பதில்தான்.

"எருக்கும்பிக்குள்ளை போட்டன். வாழைக்குக் கொழுப்புக் குறையட்டும்."

ஆவணியில் நல்லூர்த் திருவிழாவுக்கு அவளுடைய தங்கை குணலட்சுமி கனடாவிலிருந்து வந்தாள். பெட்டிக்குள் சொக்கலேட்டுக்கும் வலி எண்ணெய்க்கும் நடுவே அந்தப் போத்தல் இருந்தது.

"அக்கா, இது மருந்தில்லை. அரிசி. அரிசியிலை ஒருவிதப் பூஞ்சணத்தை வளத்து, புளிக்க வைச்சுச் செய்யிறது. அதுதான் இந்தச் சிவப்பு. சீனாக்காரர் பழைய காலத்திலையிருந்து சாப்பிடுறவை. எங்கடை வீட்டிலையும் இதுதான்."

பரமலிங்கம் போத்தலை வாங்கி, குலுக்கி, காதில் வைத்துக் கேட்டார்.

"கனடாவிலையிருந்து அரிசி கொண்டுவந்து உரும்பிராயிலை குடுக்கிறாய். அடுத்தமுறை வரேக்கை கொஞ்சம் செம்மண்ணும் கொண்டுவா பிள்ளை."

"பகிடியை விட்டிட்டு ஒண்டைப் போட்டுப் பாருங்கோ அத்தான்."

"நான் அரிசியைச் சோறாத் தின்னுறன். நீ குளிசையாத் தின்."

போகிற அன்று குணலட்சுமி போத்தலைக் குசினிக்குள் கொண்டுவந்து அக்காவின் கையில் வைத்தாள். "எப்பிடியாவது குடு. ஆனால் ஒண்டு. அத்தான் கிளினிக் குளிசை போடேல்லைத்தானே? அதோடை இதைச் சேர்க்கக் கூடாதெண்டு இதிலை எழுதிக் கிடக்கு."

"அவரோ?" இராசமலர் சிரித்தாள். "முப்பது வரியம் அவரோடை இருக்கிறன். எனக்குத் தெரியாதே?"

எப்படியாவது என்பதன் அர்த்தம் அன்று மாலையே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அரிசிக்குள் அரிசியைக் கலப்பதில் என்ன இருக்கிறது? சோற்றில் கல் கிடந்தால் பொறுக்கி எறிகிற அதே கைதானே இது. அந்த நியாயம் அவளுக்குப் போதுமானதாக இருந்தது. தேவராசா விழுந்த நாளிலிருந்து அவர் இருமினாலும் பயம், இருமாவிட்டாலும் பயம் என்று இருந்தவள், பிட்டுக் குழைக்கத் தொடங்கிய பிறகு நிம்மதியாகக் கண்ணயர்ந்தாள். அவருடைய உயிர் தன் விரல் நுனியில், சீனியோடும் தேங்காய்ப்பூவோடும் சேர்ந்து இருப்பதாக ஒரு எண்ணம்.

புரட்டாதியில் மறுபடி இரத்தம் சோதித்தார்கள். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் அறிக்கையை எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போனபோது டொக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்.

"நல்லாக் குறைஞ்சிருக்கு. இப்பிடியே தொடருங்கோ ஐயா."

"ஓம் ஐயா," என்றார் பரமலிங்கம், மிகவும் பணிவாக.

இராசமலர் முந்தானையை இழுத்து வாயை மூடிக்கொண்டாள். எதைத் தொடரச் சொல்கிறார் என்று இந்த டொக்டருக்கும் தெரியாது, தலையாட்டுகிற இந்த மனிசனுக்கும் தெரியாது. திரும்பிப் பார்த்தபோது அவரும் நிலத்தைப் பார்த்து ஏதோ சிரிப்பை அடக்கிக்கொண்டிருப்பதுபோல இருந்தது. குளிசை போடாமலேயே டொக்டரை ஏமாற்றிவிட்ட சிரிப்பு என்று நினைத்தாள்.

முதற்போத்தல் முடிந்தபோது குணலட்சுமி ஊருக்கு வந்த யாரிடமோ இன்னொன்று கொடுத்துவிட்டாள். இதன் மூடி வேறு, படம் வேறு. "அந்தக் கடையிலை அது முடிஞ்சுதாம் அக்கா. இது வேறை கொம்பனி. சாமான் ஒண்டுதான்," என்று தொலைபேசியில் சொன்னாள். தூளின் நிறமும் ஒன்றுபோலத்தான் இருந்தது. கசப்பு மட்டும் கொஞ்சம் கூடவோ என்று ஐயமாக இருந்தது. இராசமலர் சீனியைக் கொஞ்சம் கூடப் போட்டாள்.

மழை பிடித்துக்கொண்டது. தோட்டத்தில் தண்ணீர் நின்றது. ஆனாலும் பரமலிங்கம் பொழுதுபடுகிற நேரத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு மோட்டர்க் கொட்டிலுக்குப் போய்வந்தார்.

"மழைக்கை ஆருக்கு இறைக்கப் போறியள்?"

"மோட்டருக்குச் சாக்குப் போட்டு மூடிப்போட்டு வாறன்."

"நேற்றும் மூடினனீங்கள்."

"நேற்று மூடினால் இண்டைக்கு நனையாதே?"

அவளுக்கு உடனே சந்தேகம் வந்தது. சுருட்டு. தமையனின் செத்தவீட்டோடு சத்தியம் பண்ணி விட்ட சுருட்டு. அவர் கழற்றிப் போட்ட சேட்டை எடுத்து மூக்கில் வைத்துப் பார்த்தாள். வியர்வையும் மண்ணெண்ணெயும்தான் மணத்தன. மனம் ஆறவில்லை. தனக்கு மறைத்து ஒருவர் ஒன்று செய்கிறார் என்பது அவளை அரித்துக்கொண்டேயிருந்தது. தன் கை மா டின்னுக்குள் போய்வருவது அந்த நேரத்தில் அவளுடைய நினைவுக்கு வரவேயில்லை. வந்திருந்தாலும், அது வேறு, இது வேறு என்றிருப்பாள்.

பிறகு அவருக்குத் தொடை கடுக்கத் தொடங்கியது.

"உருளைக்கிழங்குக்குப் பாத்தி கட்டினதெல்லே, அதுதான்," என்றார். அவள் நல்லெண்ணெயைச் சூடாக்கித் தேய்த்தாள். தோள்மூட்டும் நோவதாகச் சொன்னார். பலகையிலிருந்து எழும்ப முன்பெல்லாம் ஒரு கையை நிலத்தில் ஊன்றுவார். இப்போது சுவரையும் பிடித்தார். அவருடைய ஒவ்வொரு அசைவையும் அவள் கண்களாலேயே எண்ணிக்கொண்டு திரிந்தாள். கால் இரத்தக் குழாயிலும் கொழுப்பு அடைக்கும் என்று குணலட்சுமி ஒருமுறை சொல்லியிருந்தது நினைவில் தைத்தது. அடைக்கிறது. போட்ட அளவு காணாது. தேவராசா அண்ணையும் விழுவதற்கு முன்னால் கால் உளைகிறது என்று சொன்னவரோ? சொல்லியிருக்க வேண்டும். சொன்னார் என்றே அவள் முடிவு செய்துகொண்டாள்.

அன்றிலிருந்து மூன்று கப்சூல்.

கந்தசட்டி வந்தது. பரமலிங்கம் எந்த வருடமும் விடாத விரதம். பகல் முழுவதும் வாயில் தண்ணீரும் படாது, மாலையில் ஒரு நேரச் சாப்பாடு. "கால் இயலாமல் கிடக்கு, இந்த முறை விடுங்கோவன்," என்று சொல்லிப் பார்த்தாள். "கால் இயலாதவனுக்குத்தான் முருகன் தேவை," என்றுவிட்டு இணுவில் கோயிலுக்குச் சைக்கிள் எடுத்தார். பகலெல்லாம் வெறும் வயிறாகக் கிடக்கிறவருக்கு அந்த ஒருநேரப் பிட்டிலாவது போகவேண்டியது போகட்டும் என்று அவள் கவனமாகப் பிசறினாள்.

சூரன்போர் அன்று அவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். படலைக்குள் வரும்போது அதுதான் அவரைத் தாங்கிக்கொண்டு வந்தது. மறுநாள் காலை, விரதம் முடிக்கிற பாரணைக்கு அவள் சமைத்துக்கொண்டிருக்க, கக்கூஸ் பக்கமிருந்து குரல் வந்தது.

"மலர். இஞ்சை ஒருக்கா வா."

அவர் அவளை அப்படிக் கூப்பிடுகிற ஆள் இல்லை. ஓடினாள். சுவரில் நெற்றியை வைத்தபடி நின்றவர் கையால் கீழே காட்டினார். வெள்ளைப் பீங்கானில் மூத்திரம் வெறுந்தேத்தண்ணி நிறத்தில் கிடந்தது. கடும் சாயம்.

"என்னப்பா இது?"

"அதைத்தான் நானும் கேக்கிறன்," என்றார். குரலில் பகிடி இருந்தது. முகத்தில் இருக்கவில்லை.

ஓட்டோவில் பெரியாஸ்பத்திரிக்குப் போகும்போது அவருடைய தொடையில் கை வைத்தாள். கல்லுப்போல இருந்தது. "தண்ணி குடியாமல் விரதம் இருந்ததாலைதான்," என்று திரும்பத் திரும்பச் சொன்னாள், அவருக்கோ தனக்கோ தெரியாமல்.

வார்ட்டில் இளம் டொக்டர் ஒருத்தி, வினோஜா என்று பெயர், இரத்தம் எடுப்பித்துச் சேலைன் ஏற்றிவிட்டு, முதல் முடிவு வந்ததும் மறுபடி கட்டிலருகே வந்தாள். முகம் நன்றாக இல்லை.

"ஐயாவின்ரை தசை கரைஞ்சுகொண்டிருக்கு. கரையிறது இரத்தத்துக்குள்ளை வந்து சிறுநீரகத்தை அடைக்கப் பாக்குது. அதுதான் அந்த நிறம். வேறை ஏதும் மருந்து போடுறவரோ அம்மா?"

"இல்லை," என்றாள் இராசமலர். "கிளினிக்கிலை கொழுப்புக் குளிசை குடுத்தவை. இவர் ஒரு நாளும் போடேல்லை."

"போடுறனான்," என்றார் பரமலிங்கம்.

அவர் முகட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அவள் அவருடைய வாயையே பார்த்தாள்.

"அண்ணையின்ரை அந்தியேட்டி முடிஞ்ச அண்டையிலையிருந்து. ஒரு நாளும் விடேல்லை. மோட்டர்க் கொட்டிலுக்குள்ளை வைச்சுப் போட்டனான்."

"ஏன் கொட்டிலுக்குள்ளை?" என்று டொக்டர் கேட்டாள்.

அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினார். காரணம் இராசமலருக்குத் தெரிந்தது. ஊர்ச்சபைக்கு முன்னால் போடமாட்டேன் என்ற ஆள். பயந்துபோய்விட்டேன் என்று பெண்சாதிக்குத் தெரியக்கூடாத ஆள். குடையைப் பிடித்துக்கொண்டு மழைக்குள் நடந்து போனது கண்ணுக்குள் வந்தது. அவள் சுருட்டைத் தேடி மோந்து பார்த்த சேட்டும் வந்தது. பிறகுதான் மற்றது வந்தது. அதோடை இதைச் சேர்க்கக் கூடாதெண்டு எழுதிக் கிடக்கு. முப்பது வரியம் அவரோடை இருக்கிறன்.

கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப குளிசையாலைதான் இருக்கவேணும்," என்று டொக்டர் எழுதிக்கொண்டே சொன்னாள். "ஆனால் இந்தச் சின்ன அளவுக்கு இவ்வளவு வாறது அருமை. நீங்களாக் கூட்டிப் போட்டனீங்களோ ஐயா? உண்மையைச் சொல்லுங்கோ."

"நான் ஏன் பிள்ளை கூட்டிப் போடுறன்? ஒண்டுதான்."

டொக்டர் நம்பாததுபோலப் பார்த்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

அவள் வாயைத் திறக்காவிட்டால் போதும். எல்லாம் அதன்பாட்டில் சரியாகிவிடும். குளிசையை நிறுத்தியாயிற்று. போத்தலை வீட்டுக்குப் போய்க் கக்கூசுக்குள் கொட்டிவிடலாம். யாருக்கும் தெரியாது. தெரிந்தால் மட்டும் என்ன, கெடுக்கவா செய்தாள்? நல்லதற்குத்தானே? தன் கையால் பிசறியதை நம்பி வாங்கித் தின்ற மனிசனிடம், நான் உனக்குத் தெரியாமல் உனக்குள் ஒன்றை அனுப்பிக்கொண்டிருந்தேன் என்று எந்த வாயால் சொல்வது? அவள் யன்னலடிக்குப் போனாள், திரும்பி வந்தாள், போர்வையை இழுத்துச் சரிசெய்தாள், சரியாயிருந்ததை மறுபடி இழுத்தாள்.

"சும்மா இரன் ஒரு இடத்திலை," என்றார் அவர். கண்களை மூடிக்கொண்டு சொன்னார், "பயத்திலை போட்டன். அதாலையே வந்திட்டுது. இனிச் செத்தாலும் அந்தக் குளிசையைக் கையாலை தொடமாட்டன்."

அவர் சொன்னால் சொன்னதுதான். இந்த முறை கொட்டிலும் இருக்காது, குடையும் இருக்காது. வாய்க்கால் தண்ணீர் ஒரு முதுகின் மேலால் பாய்ந்துகொண்டிருப்பதை இராசமலர் கண்டாள். அது தேவராசாவின் முதுகு அல்ல.

"டொக்டர்," என்று கூப்பிட்டாள். குரல் பலமாக வந்துவிட்டது. பக்கத்துக் கட்டில்காரரும் திரும்பிப் பார்த்தார். "டொக்டர், இஞ்சை வாங்கோ பிள்ளை. குளிசையிலை பிழையில்லை. நான்தான் குடுத்தனான்."

"என்ன குடுத்தீங்கள்?"

"தங்கச்சி கனடாவிலையிருந்து தந்த கப்சூல். சிவப்பு அரிசியிலை செய்யிறது. இவருக்குத் தெரியாது. பிட்டுக்குள்ளை போட்டுக் குழைச்சுக் குடுத்தனான். முதல் இரண்டு. பேந்து கால் நோகுதெண்டு மூண்டாக்கினனான்."

"போத்தல் எங்கை?"

"வீட்டிலை. மா டின்னுக்குள்ளை."

"மா டின்னுக்குள்ளை," என்று டொக்டர் திருப்பிச் சொன்னாள். ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லாயிருக்கும்போல இருந்தது.

"அது அரிசிதானே பிள்ளை?"

"அரிசிதான் அம்மா. ஆனால் அதிலை வளர்ற பூஞ்சணம் ஒரு பொருளை உண்டாக்கும். முந்தி முந்திக் கொழுப்புக்குக் குளிசையா வந்ததும் அதே பொருள்தான். கிளினிக்கிலை ஐயாவுக்குக் குடுத்ததும் அந்தக் குடும்பந்தான். ரெண்டு பக்கத்தாலையும் ஒரே மருந்து போயிருக்கு."

"அப்ப அது வேலை செய்யிற சாமானோ?"

"செய்யும். செய்யிறபடியாத்தானே இவர் இஞ்சை படுத்திருக்கிறார். குளிசையிலை எவ்வளவு இருக்கெண்டு எனக்குத் தெரியும். உந்தப் போத்தலுகளிலை அளவில்லை. ஒண்டிலை பேருக்குக் கிடக்கும், அடுத்ததிலை அள்ளிக் கொட்டியிருக்கும். சிலதிலை சிறுநீரகத்துக்கு நஞ்சான கழிவும் சேர்ந்து கிடக்கும். அதோடை தண்ணி வென்னி இல்லாத விரதம்." அவள் பேனாவை மூடினாள். "சொன்னது நல்லது. போத்தலை நாளைக்குக் கொண்டுவாங்கோ."

டொக்டர் போனபிறகு இராசமலர் மெல்லத் திரும்பினாள். பரமலிங்கம் அவளைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் அவளுக்கு அது பழகிய முகம். இது அப்படியில்லை. தெருவில் யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டால், யார் இது என்று திரும்பிப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு சேலைன் போத்தலைப் பார்க்கத் தொடங்கினார்.

சிறுநீரகம் தப்பியது. நிறம் தெளிந்துவர, கொஞ்சம் கொஞ்சமாகக் காலை மடக்கி நீட்டினார். ஆனால் அவள் வீட்டிலிருந்து கொண்டுபோன சாப்பாட்டுக் கரியரை அவர் திறக்கவில்லை. "பசிக்கேல்லை" என்பார். சற்று நேரம் கழித்து வார்ட்டில் கொடுக்கிற பாண் துண்டையும் பருப்பையும் வாங்கிச் சாப்பிடுவார். அவள் கரியரைக் கொண்டுபோய், கொண்டுவந்து, அதே சோற்றை வீட்டில் தனியே இருந்து தின்றாள்.

குணலட்சுமி தொலைபேசியில் அழுதாள். "நான் கேட்டனான்தானே அக்கா. அத்தான் குளிசை போடுறாரோ எண்டு கேட்டனான்தானே."

"ஓம். நீ கேட்டனி," என்றாள் இராசமலர். "நீயும் ஒருக்கா டொக்டரிட்டைக் காட்டு. அதை மட்டும் செய்."

வீட்டுக்கு வந்த பிறகும் அப்படியே தொடர்ந்தது. கடைப்பாண் வாங்கிவரச் சொன்னார். வாழைப்பழத்தைத் தானே உரித்தார். தேத்தண்ணியை மட்டும் வாங்கினார், அதையும் குடிக்க முன்னர் குவளைக்குள் ஒரு பார்வை. அந்தப் பார்வை அவளை எரித்தது. கேள் என்று மனம் அடித்துக்கொண்டது. ஏசு, அடித்தாலும் அடி, கேள். அவர் கேட்கவில்லை. அவள் வீடு கூட்டினாள், கூட்டிய இடத்தை மறுபடி கூட்டினாள். மா டின்னைக் கவிழ்த்துக் கொட்டி, கழுவி, வெயிலில் காயவைத்தாள். புது மா இடித்து வறுத்தாள், யாருக்கு என்று தெரியாமல்.

ஒரு மாலை, அவள் அடுப்படியில் நிற்கும்போது பலகையை இழுக்கிற சத்தம் கேட்டது. பரமலிங்கம் அதைக் குசினி வாசலில் போடாமல் உள்ளே, அடுப்புக்கு எதிரில் போட்டுச் சுவரைப் பிடித்து உட்கார்ந்தார்.

"பிட்டு அவி," என்றார்.

"இப்பவோ?"

"இப்பத்தான். நான் பாத்துக்கொண்டிருக்கிறன்."

அவள் மா எடுத்தாள். கொதிதண்ணியை விட்டுக் குழைத்தாள். கொத்தினாள். அவருடைய கண்கள் அவள் கையை விட்டு அகலவில்லை. இத்தனை வருடம் செய்த வேலை, பரீட்சை எழுதுவதுபோல இருந்தது. நீத்துப்பெட்டியில் ஆவி ஏறும்வரைக்கும் அடுப்பை ஊதினாள். தட்டில் கவிழ்த்து, சீனி தூவி, அவர் பார்க்கப் பார்க்கப் பிசறினாள். பிசறி முடித்ததும் கேளாமலே ஒரு பிடி எடுத்துத் தன் வாயில் போட்டு விழுங்கினாள். பிறகு தட்டை அவர் முன்னால் வைத்தாள்.

அவர் ஒரு வாய் எடுத்தார். மென்றார். தாடை நிற்கவில்லை.

"இண்டைக்குக் கசக்கேல்லை," என்றார்.

அவள் நிமிர்ந்தாள். "கசந்தது தெரியுமோ உங்களுக்கு?"

"ஏன், எனக்கு நாக்கில்லையே?"

"அப்ப ஏன் ஒரு நாளும் சொல்லேல்லை?"

அவர் அடுத்த வாயை உருட்டிக்கொண்டே இருந்தார். உடனே வாயில் வைக்கவில்லை.

"நீ மாவைக் கருக்கிறாயெண்டு நினைச்சன். உன்ரை அம்மாவுக்கும் கடைசியிலை கைபாகமெல்லாம் மறந்துதானே போச்சு? உப்பைப் போட்டதும் தெரியாமல் திரும்பத் திரும்பப் போட்டவ. உனக்கும் தொடங்கிட்டுதாக்கும் எண்டு பயந்துபோனன். சொன்னால் யோசிப்பாய். அதுதான் பேசாமல் திண்டனான்."

கசக்கக் கசக்க, ஒவ்வொரு மாலையும், முகம் மாறாமல். அவள் அந்தத் தாடையையே காவல் காத்துக்கொண்டு எதிரில் இருந்திருக்கிறாள். இராசமலர் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். விறகைத் தள்ளினாள், தள்ளத் தேவையில்லாத விறகை.

"புதன்கிழமை கிளினிக்," என்றார் பின்னாலிருந்து. "இரத்தம் பாத்துப்போட்டு, குளிசையைச் சின்ன அளவிலை திரும்பத் தொடங்கலாமெண்டு அந்த டொக்டர்ப் பிள்ளை சொன்னது. நீயும் வா."

"போடுவியளோ?"

"இஞ்சை வைச்சுப் போடுறன். நீ பாத்துக்கொண்டிரு."

அவள் தலையாட்டினாள். அது அவருக்குத் தெரிந்ததோ என்னவோ. தட்டை வழித்துச் சாப்பிடுகிற சத்தம் கேட்டது. பிறகு அவர் சுவரைப் பிடித்து எழும்பினார். இன்னும் அந்தக் கை சுவரை விடவில்லை. பலகையைக் காலால் தள்ளி அங்கேயே, அடுப்புக்கு எதிரிலேயே விட்டார்.

"நாளைக்கும் இதிலைதான் இருப்பன்," என்றார்.

"இருங்கோ," என்றாள் இராசமலர்.